பையர் கார்பன் கணக்கு கேட்டா பனியன் கம்பெனிக்காரங்க என்ன பண்ணோணும்?

போன சீசன்ல ஐரோப்பா பையர் ஒருத்தரு ஆர்டரோட ஒரு எக்செல் ஷீட்டையும் அனுப்பி, ஒரு டீசர்ட்டுக்கு எவ்வளவு கார்பன்னு, அதாவது அதைச் செஞ்சு அனுப்பறதுல எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு புகை வருதுன்னு கேட்டிருந்தாரு. ஆபீஸ்ல ஆளாளுக்கு முழிச்சோமுங்க. கடைசில நாந்தான் உக்காந்து போட்டேன், அதை அப்படியே சொல்றேன்.

மொதல்ல ஒரு வருச இ.பி. பில்லை எடுத்துக்கோங்க. ரூபாயைப் பாக்காதீங்க, யூனிட்டைப் பாருங்க. நம்ம நாட்டு கரண்ட் பெரும்பாலும் நிலக்கரிதான், அதனால ஒரு யூனிட்டுக்கு சுமாரா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, மத்திய மின்சார ஆணையம் வருசா வருசம் இந்தக் கணக்கைப் போடுது, புதுசு எதுவோ அதை எடுத்துக்கோங்க. ஜென்செட் டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ. தையல் யூனிட்டுல மாசம் 20,000 யூனிட் கரண்டு, 500 லிட்டர் டீசல், 1 லட்சம் பீஸ்னு வெச்சுக்கோங்க. 14,000 கிலோவும் 1,350 கிலோவும் சேத்து பீஸால வகுத்தா ஒரு பீஸுக்கு 150 கிராம் சில்லறை, அவ்வளவுதான்.

பல்லடம், உடுமலைப் பக்கம் சொந்தமா காத்தாலை இருந்து அந்த யூனிட்டு உங்க பில்லுல கழிஞ்சு வருதுன்னா அதைக் கழிச்சுக்கலாம். இ.பி.க்கே வித்துட்டிருந்தீங்கன்னா கழிக்கக் கூடாது. நெறைய பேரு இதுல தப்புப் பண்றாங்க.

இனித்தான் மெயின் மேட்டரே. நம்ம தையல் கணக்கு கொசுருங்க, பெரிய சுமை நூல் மில்லுலயும் சாயப்பட்டறையிலயும் கெடக்குது. தண்ணியக் காய்ச்ச பாய்லரு, துணியக் காய வெக்க ஸ்டெண்டரு, அதுவும் அடர் கலர்னா உப்பும் கூட, அலசறதும் கூட. 2011ல ஐகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொன்னதுக்கப்பறம் ஒரு சொட்டு கழிவுத்தண்ணி வெளிய விடக்கூடாதுங்கறது கண்டிப்பாச்சுல்ல, ஆர்.ஓ., அப்பறம் உப்புத்தண்ணியக் காய்ச்சி வத்த வெக்கற எவாப்பரேட்டருன்னு அதுக்கும் கரண்டும் விறகும் போகுது. நொய்யல் ஆத்துக்கு அது வேணும், ஆனா கார்பன் கணக்குல ஏறுது பாருங்க. பட்டறையில கேக்க வேண்டியது மூணே விசயம்: மாசம் எத்தன கிலோ துணி, எத்தன யூனிட்டு, எத்தன டன் விறகு. விறகுப் புகையை ஷீட்டுல தனிக் கட்டத்துல எழுதோணும், நிலக்கரியோட கலக்கக் கூடாது. எங்க பட்டறைக்காரரு "ரேட்டைக் குறைக்கத்தானே கேக்கறீங்க"ன்னு ரெண்டு மாசம் இழுத்தடிச்சாரு, அதனால ஜாப் ஒர்க் கொடுக்கும்போதே பேசி வெச்சுக்கோங்க.

அடுத்து சரக்கு. 200 கிராம் டீசர்ட்டு தூத்துக்குடியில கப்பலேறி 13,000 கிலோமீட்டர் போனாலும் 40 கிராம்தான் வரும். அதுவே லேட்டாயி ஏர்ல அனுப்புனா முக்கால் கிலோ, தையல் யூனிட்டு மொத்தத்தைவிட அஞ்சு மடங்கு. சாயத்துல நாலு நாள் தாமதமானதுக்கு நாங்க ஒருக்கா ஏர்ல அனுப்பிட்டு காசும் விட்டு கணக்கும் விட்டோம்.

ஏனுங்க, துணியப் போடறவன் அங்க, புகை இங்கயான்னு கேப்பீங்க. ஆமாங்க, எந்த நாட்டுல புகை வருதோ அந்த நாட்டுக் கணக்குலதான் ஐ.நா.வுல எழுதறாங்க. நம்மள மாதிரி ஏற்றுமதி நாட்டுக்கு ஆர்டர் கூடுனா புகையும் கூடும், டிசைன் அங்கயும் சாயம் இங்கயும்னு பிரிஞ்சா இன்னும் கூடும். ஆனா அதே பையர் நெருக்கடியிலதான் இங்க புது பாய்லரும் கூரை மேல சோலாரும் வருது, அதுல கொஞ்சம் குறையும். இப்போதைக்கு கூடறதுதான் ஜாஸ்தின்னு எனக்குப் படுது.

வெளிநாட்டுச் சரக்கைச் செய்யறப்ப வந்த புகைக்கு ஏத்தாப்புல ஐரோப்பாக்காரங்க போட்டிருக்கற எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில இருந்து நெசமாவே காசாகுது. இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம், ஹைட்ரஜன், கரண்டு இதுக்குத்தான், துணி இன்னும் அதுல இல்ல. ஆனா கோயமுத்தூர்ல போல்ட்டு நட்டு அனுப்பறவங்களுக்கு இருக்குது, நாம சொந்தக் கணக்கு குடுக்கலேன்னா அவங்களே ஒரு நம்பரைப் போட்டுக்குவாங்க, அது பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். அதனால பனியன்காரங்களும் இந்த மாசத்துல இருந்தே இ.பி. பில்லு, டீசல் பில்லு, பட்டறை டெலிவரி சலான் மூணையும் ஒரே ஃபைல்ல மாசவாரியாப் போட்டு வெச்சுருங்க.