ஆங்கிலச் சொல்லின் பழைய ஒலியையும் வந்த ஊரையும் தேடிப் பிடிக்கும் முறை

கதிரை போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்று யாழ்ப்பாணத்தில் பலருக்கும் தெரியும். அந்தக் கதிரையும் ஆங்கிலத்தின் 'செயார்' என்ற சொல்லும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பது அவ்வளவாகத் தெரியாது. இலத்தீனில் இருக்கையைக் குறித்த 'கத்தெட்ரா' போர்த்துக்கல்லில் 'கதெயிரா' ஆகி, இங்கே கதிரையாக இறங்கியது. அதே சொல் பிரான்சில் தேய்ந்து, 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே போய் 'செயார்' ஆனது. ஆயரின் இருக்கை உள்ள கோயிலுக்குக் 'கதீட்ரல்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. ஒல்லாந்தரிடம் வாங்கிய கந்தோர், கடையில் காசு கட்டும் 'கவுண்டர்', மேசையில் இருக்கும் கொம்பியூட்டர் மூன்றும் கணக்கிடுதல் என்ற ஒரே இலத்தீன் வேரில் முளைத்தவை. ஆகவே ஆங்கிலச் சொல் வரலாற்றைப் படிக்க இங்கிருந்தே தொடங்கலாம். உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் படிப்பிக்கிறவர்களுக்கும் உதவும் என்று எண்ணி, நாங்கள் பின்பற்றும் ஒழுங்கை இங்கே எழுதுகிறோம்.

ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து நிரலாகப் பிரியுங்கள். முதல் நிரலில் இன்றைய எழுத்து, அடுத்ததில் இன்றைய ஒலி, மூன்றாவதில் முதற்பதிவின் ஆண்டும் அப்போதைய எழுத்தும், நான்காவதில் வந்த வழி, ஐந்தாவதில் எந்த ஊரில் எப்படி ஒலிக்கிறது என்பது. கிழமைக்குப் பத்துச் சொல் போதும். இருபது, முப்பது என்று போனால் அகராதியைப் பார்த்து எழுதுகிற வேலையாகிவிடும், காது பழகாது. உடலுறுப்பு, வீடு, உணவு, கால்நடை, நேரம் பற்றிய குட்டிச் சொற்களை முதலில் எடுங்கள். அவைதான் ஆயிரம் ஆண்டு மாற்றத்தைச் சுமந்து வந்தவை. நீண்ட கலைச்சொற்களில் பார்ப்பதற்கு அவ்வளவு இராது.

நான்காவது நிரலுக்கு, சொற்பிறப்புக் காட்டும் அகராதி ஒன்று வேண்டும். இணையத்தில் எட்டிம்ஆன்லைனும் ஆங்கில விக்சனரியும் இலவசம். 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்ற பெரிய ஒக்ஸ்போட் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் தரும். அதைப் பார்க்க வழி கிடைத்தால் விடவேண்டாம். ஒரு எச்சரிக்கை: அங்கே முதலில் காணும் ஆண்டு சொல் பிறந்த ஆண்டு அல்ல. இதுவரை அகப்பட்ட மிகப் பழைய எழுத்துப் பதிவின் ஆண்டு. பேச்சில் அது எவ்வளவோ முன்னர் இருந்திருக்கலாம். 'இந்த ஆண்டில் தோன்றியது' என்று எழுதாமல் 'இந்த ஆண்டில் பதிவு' என்றே எழுதுங்கள்.

முதற் பயிற்சி, ஊமை எழுத்துகளை வாய்விட்டு வாசிப்பது. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல் கே, என், ஐ, ஜி, எச், ரி என்று எழுதப்படுகிறது. கேயையும் ஜி-எச்சையும் விடாமல் சொல்லிப் பாருங்கள்: 'க்னிஃத்'. 'அஃது' என்பதன் ஆய்தத்தை நன்றாக உரசிச் சொன்னால் அந்த ஜி-எச் ஒலிக்குக் கிட்ட வரும். அந்தக் காலத்தில் சொன்னதும் ஏறத்தாழ அப்படித்தான். இரவைக் குறிக்கும் 'நைட்' இன்றும் ஸ்கொத்லாந்தின் ஊர்ப்பேச்சில் 'நிஃத்' என்றே கேட்கும்.

இதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும்: ஊமை எழுத்தெல்லாம் ஒருகாலம் பேசியது என்று எண்ணிவிடுவது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் பி ஆங்கிலத்தில் ஒருபோதும் ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது 'தெத்தெ'. பின்னர் படித்தவர்கள் அதன் இலத்தீன் மூலமான 'தெபித்தும்' என்பதைக் காட்டவேண்டி, பி எழுத்தை நடுவில் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதன் எஸ் இன்னும் மோசம். உறவே இல்லாத ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து ஒட்டியது. பிடிப்பது இலகு. மூன்றாவது நிரலைப் பாருங்கள். பழைய எழுத்தில் அந்த எழுத்து இருந்தால் அநேகமாக அது பேசியது. பழையதில் இல்லாமல் பிறகு முளைத்திருந்தால் அது செருகல்.

அடுத்தது நெடில்கள். பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் இது, தமிழருக்கு மிகக் கைகொடுக்கும் இடமும் இதுவே. ஏறக்குறைய 1400 தொடக்கம் 1700 வரையில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. அதற்கு முன்னர் ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று இன்று பெயர் சொல்லும் ஐந்து எழுத்தும் நம்முடைய ஆ, ஏ, ஈ, ஓ, ஊ போலவே ஒலித்தன. பெயரைக் குறிக்கும் 'நேம்' அன்று 'நாமெ'. நேரமாகிய 'டைம்' அன்று 'தீமெ'. பாதங்களாகிய 'ஃபீட்' அன்று 'ஃபேத்'. நிலவாகிய 'மூன்' அன்று 'மோன்'. வீடாகிய 'ஹவுஸ்' அன்று 'ஹூஸ்'. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான கக்ஸ்டன் 1476இல் லண்டனை அடுத்த வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சகம் வைத்தது இந்தப் பெயர்ச்சியின் நடுவில். அச்சு எழுத்தைப் பிடித்து நிறுத்தியது, நாக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு தூரம். கொப்பியில் ஒவ்வொரு சொல்லையும் முதலில் தமிழ் நெடிலால் வாசித்து, பிறகு இன்றைய ஒலியை எழுதுங்கள். ஐம்பது சொல் ஆகும்போது எது எங்கே பெயர்ந்தது என்பது பாடமாக்காமலே பிடிபடும். எழுதும் ஒலி அண்ணளவுதான் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

இந்தப் பெயர்ச்சி எல்லா ஊரையும் ஒரேமாதிரித் தொடவில்லை. ஸ்கொத்லாந்து ஊர்ப்பேச்சில் வீடு இன்னமும் 'ஹூஸ்'. வைத்தலைக் குறிக்கும் 'புட்', ஆனால் என்று பொருள்படும் 'பட்' என்ற இரண்டு சொல்லும் எழுத்தில் ஒத்திருக்க ஒலியில் ஏன் வேறு என்று வகுப்பில் கேட்காத பிள்ளை இல்லை. 17ஆம் நூற்றாண்டு வரை இரண்டும் 'உ'தான். தெற்கே பல சொற்களில் அது 'அ' பக்கம் நகர்ந்தது. வட இங்கிலாந்தில் நகரவில்லை. அங்கே 'கப்' இன்றும் 'குப்' போலக் கேட்கும்.

கேட்டுப் பழகுவதற்கு, உலகின் பல பாகத்து ஆங்கிலப் பேச்சை ஒலிப்பதிவாகச் சேர்த்து வைத்திருக்கும் இலவச இணையக் களஞ்சியமாகிய ஐடியா உதவும். பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே பந்தியை வாசிப்பதால் ஒப்பிடுவது இலகு. காதுக்குள் கேட்கும் கருவி போட்டு மூன்றுமுறை கேளுங்கள். முதல்முறை பேனையைத் தொடக்கூடாது. இரண்டாவதில் ஆர் மட்டும்: 'கார்' போன்ற சொல்லின் கடைசியில் 'ர்' கேட்கிறதா? மூன்றாவதில் உயிர்கள்: குளியலாகிய 'பாத்' நெடிலா குறிலா, 'கப்' அகரமா உகரமா? எல்லாவற்றையும் ஒரே முறையில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

கடைசி 'ர்' விழுந்து, 'பாத்' நீண்டு, 'கப்' அகரமானால் அநேகமாகத் தென் இங்கிலாந்து. 'ர்' விழுந்து, 'பாத்' குறிலாகி, 'குப்' என்றால் வடக்கு. 'ர்' நின்றால் ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, இங்கிலாந்தின் தென்மேற்கு என்று தேடுங்கள். அதில் தண்ணீருக்கான சொல்லின் நடு ரி நம்முடைய 'ர' போல ஒருமுறை தட்டி 'வாரர்' என்று வந்தால் அமெரிக்கப் பக்கம் சாயலாம்.

லண்டன் பேச்சில் இந்த 'ர்' விழுந்தது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு முன்னரே கப்பலேறியவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதை வைத்து 'அமெரிக்க ஆங்கிலமே பழைய ஆங்கிலம்' என்று எழுதுவது பெரும் பிழை. அந்த 'வாரர்' பிற்காலத்துப் புதுமை. நம்முடைய பேச்சைப் பாருங்கள். உவன், உது என்ற பழைய சுட்டை யாழ்ப்பாணம் காத்து வைத்திருக்கிறது, தமிழ்நாட்டுப் பேச்சு இழந்துவிட்டது. அதற்காக யாழ்ப்பாணப் பேச்சு முழுவதும் சங்ககாலமா? ஒவ்வொரு கூறையும் தனித்தனியே நிறுக்கவேண்டும்.

நம் ஊர்க் கடன்சொற்களும் சாட்சி சொல்லும், ஆனால் குறுக்குவிசாரணை தேவை. நாங்கள் டொக்டர், கொப்பி என்கிறோம். சென்னை டாக்டர், காப்பி என்கிறது. நம்முடைய 'ஒ' பிரித்தானியரின் இதழ் குவிந்த உயிருக்குக் கிட்ட நிற்கிறது. சென்னையின் 'ஆ' அமெரிக்கர் ஒலி போல இருந்தாலும் அங்கே ஆங்கிலம் கொண்டுபோனவர் பிரித்தானியரே, ஒத்திருப்பது உறவாகாது. மறுபக்கம், வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரியையும் உடுவிலில் 1824இல் பெண்கள் பாடசாலையையும் தொடக்கியவர்கள் அமெரிக்க மிசனரிமார். ஆகவே 'ஒ'வை வைத்து அவர்களுடைய தாக்கம் இல்லை என்று அடித்துச் சொல்லலாமா? முடியாது. அந்த மிசன் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையாகிய நியூ இங்கிலாந்தில் தோன்றியது. அதன் கிழக்குப் பகுதியிலும் இதே உயிர் குவிந்து ஒலிக்கும் பேச்சு உண்டு. ரீச்சர், டொக்டர் என்பவற்றின் கடைசி 'ர்' சாட்சியே அல்ல, அது எழுத்தைப் பார்த்து வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று: 'காற்று' என்பதில் யாழ்ப்பாணத்தார் காட்டும் 'ற்ற' ஆங்கில ரிக்கு மிகக் கிட்டியது. ரீச்சர், ரிக்கற், பெற்றோல் என்று நாங்கள் எழுதுவதன் நியாயம் அதுதான்.

நான்காவது நிரலில் மிக அதிகம் வழுக்குவது 'காஷ்' என்ற சொல்லில். காசிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லிவிடுவோம். ஆசியாவின் சிறு நாணயத்துக்கு ஐரோப்பியர் வைத்த 'காஷ்' என்ற பெயர் காசிலிருந்து போர்த்துக்கேயர் வழி போனது உண்மை. கையிலிருக்கும் பணத்தைக் குறிக்கும் 'காஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஐயமில்லாமல் நம்முடையது வேண்டுமானால் சுருட்டை எடுங்கள். ஆங்கிலத்தில் அது 'ஷெரூட்'. எழுத்தில் சி-எச் இருக்க ஒலியில் 'ஷ' வருவது பிரெஞ்சு வழியாகப் போனதன் தடயம்.

தேத்தண்ணியை இப்படிப் பதியுங்கள். இன்றைய ஆங்கில ஒலி 'டீ'. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டே' என்றும் ஒலித்தது. அயர்லாந்தின் பழைய பேச்சில் அது நின்றது. ஈ-ஏ என்று எழுதும் சொற்களில் 'பிரேக்', 'கிரேட்', 'ஸ்டேக்' மட்டும் அதே படியில் தங்கிவிட்டன. நம்முடைய 'தே' அந்தப் பழைய ஆங்கில ஒலியா? ஒல்லாந்தர் சொல்லும் 'தே' என்றே ஒலிக்கும், இரண்டும் தென்சீனத்தின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. ஒலியை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை. நான்காவது நிரலில் இரண்டு வழியையும் பென்சிலால் எழுதி, பழைய பதிவு ஒன்று கையில் அகப்படும்வரை அப்படியே விட்டுவையுங்கள்.