ஜெர்மனியில் கார் இன்சூரன்ஸ் மாற்றுவது எப்படி: நவம்பர் 30-க்குள் செய்ய வேண்டியவை

ஜெர்மனியில் பெரும்பாலான கார் இன்சூரன்ஸ்கள் டிசம்பர் 31-ஓடு முடியும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாகவே இன்னொரு வருடத்துக்கு நீளும். நிறுத்துவதற்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், கியூண்டிகுங், அதாவது பாலிசியை நிறுத்தும் கடிதம், நவம்பர் 30-க்குள் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாம் அனுப்பிய தேதி கணக்கில் வராது. 29-ஆம் தேதி தபால் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

முதலில் பழைய பில்லை எடுங்கள்

ஒப்பீட்டுத் தளத்துக்குள் நுழையும் முன் அக்டோபர், நவம்பரில் வரும் பாய்ட்ராக்ஸ்ரெஷ்னுங்கை (பிரீமியம் பில்லை) கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எஸ்எஃப் கிளாஸ் இருக்கும். விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களுக்கான எண் அது; அது ஏற ஏறப் பிரீமியம் குறையும். ஹாஃப்ட்ஃப்ளிஷ்டுக்கு (மற்றவர்களுக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ்) ஒன்று, ஃபோல்காஸ்கோவுக்கு (நம் காரின் சேதத்துக்கான முழு இன்சூரன்ஸ்) ஒன்று என்று தனித்தனியாக வரும். டைல்காஸ்கோவுக்கு (திருட்டு, புயல் போன்றவற்றுக்கு மட்டுமான இன்சூரன்ஸ்) எஸ்எஃப் கிடையாது.

பலரும் தவறுவது இந்த எண்ணில்தான்.

ஒன்று, வருடக் குழப்பம். ஜனவரி 1-இல் தொடங்கும் பாலிசிக்கு அடுத்த வருடத்தின் எஸ்எஃப் வேண்டும். இந்த வருடம் 4 என்றால், விபத்தில்லாவிட்டால் ஜனவரியில் 5. சில தளங்கள் இன்றைய எண்ணைக் கேட்டுத் தாமே ஒன்று கூட்டிக்கொள்ளும்; சில, புதிய எண்ணையே கேட்கும். கேள்வியை நிதானமாகப் படியுங்கள். இன்னொரு விஷயம்: ஒரு வருடம் கணக்கில் சேர அந்த வருடத்தில் குறைந்தது ஆறு மாதம் இன்சூரன்ஸ் இருந்திருக்க வேண்டும். செப்டம்பரில் முதல் கார் எடுத்தவருக்கு வரும் ஜனவரியில் எண் ஏறாது.

இரண்டு, சலுகையாகக் கிடைத்த எஸ்எஃப். இரண்டாவது கார் என்று சொல்லி எஸ்எஃப் 2-இல் தொடங்கியிருப்பார்கள். ஒரு வருடம் போனதும் பில்லில் 3 என்று இருக்கும். கம்பெனி மாறும்போது பழைய கம்பெனி அந்த 3-ஐச் சொல்லாது, உண்மையில் விபத்தில்லாமல் ஓட்டிய அந்த ஒரு வருடத்தை மட்டுமே சொல்லும். எண்ணைக் காக்கும் ராபாட்ஷுட்ஸ் என்ற கூடுதல் வசதியும் இப்படித்தான். அது இருந்ததால் விபத்துக்குப் பிறகும் உங்கள் எண் இறங்காமல் இருந்திருக்கலாம். மாறினால் இறங்கிய எண்தான் புதிய கம்பெனிக்குப் போகும். அவர்கள் ஜனவரிக்குப் பிறகு பிரீமியத்தைத் திருத்தி அனுப்புவார்கள். அதற்குள் பழைய பாலிசி முடிந்திருக்கும். ஆகவே இந்த இரண்டில் ஏதாவது உங்களுக்கு இருந்தால், மாறும்போது எந்த எஸ்எஃப் சொல்லப்படும் என்று பழைய கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.

விலை பார்ப்பது

ஒரே தளத்தை நம்ப வேண்டாம். செக்24 என்ற ஒப்பீட்டுத் தளத்தில் ஹூக்-கோபுர்க் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி வராது. அதன் விலையை அவர்களுடைய தளத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். ஹாஃப்ட்ஃப்ளிஷ்டுக்கு 10 கோடி யூரோ வரம்பு, கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்க மாட்டோம் என்ற ஷரத்து, இந்த இரண்டும் இல்லாத பாலிசியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெர்க்ஷ்டாட்பிண்டுங் எடுத்தால் விலை குறையும், ஆனால் கம்பெனி சொல்லும் பட்டறையில்தான் ரிப்பேர். லீசிங் காருக்கு அது வேண்டாம்.

புதியது உறுதியான பிறகே பழையதை நிறுத்துங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஹாஃப்ட்ஃப்ளிஷ்டைச் சட்டப்படி எளிதில் மறுக்க முடியாது. காஸ்கோவைத் தாராளமாக மறுக்கலாம். சமீபத்தில் க்ளெய்ம் செய்தவர்களுக்கு இது நடக்கும். புதிய கம்பெனியின் உறுதிக் கடிதம் வந்த பிறகு கியூண்டிகுங் அனுப்புங்கள். இதற்காகவே நவம்பர் முதல் வாரத்தில் வேலையைத் தொடங்குவது நல்லது.

கடிதத்தில் பெயர், முகவரி, பாலிசி எண், நம்பர் பிளேட், டிசம்பர் 31-ஓடு நிறுத்துகிறேன் என்ற ஒரு வரி, எழுத்தில் உறுதிப்படுத்தும்படி ஒரு வரி. காரணம் தேவையில்லை. அந்தத் தேதி பொருந்தாவிட்டால் 'ட்சும் நெக்ஸ்ட்மோக்லிஷன் ட்சைட்புங்க்ட்', அதாவது சாத்தியமான அடுத்த தேதியோடு, என்றும் சேர்த்துவிடுங்கள். மின்னஞ்சல் பொதுவாகப் போதும். சில கம்பெனிகளின் தளத்தில் நிறுத்துவதற்கான பொத்தானும் இருக்கும். என் விருப்பம் அதுதான், ஏனென்றால் அழுத்தியதும் தேதி, நேரத்தோடு ரசீது வரும். ஒரு வாரத்தில் உறுதிக் கடிதம் வராவிட்டால் ஐன்ஷ்ரைபனில் (பதிவுத் தபாலில்) இன்னொன்று அனுப்புங்கள்.

ட்சுலாசுங்ஸ்டெல்லவுக்கு (கார் பதிவு அலுவலகத்துக்கு) நீங்கள் அலைய வேண்டாம். அதே கார், அதே உரிமையாளர் என்றால் புதிய கம்பெனியே மின்னணு வழியில் தெரிவித்துவிடும். இன்சூரன்ஸ் இருப்பதை உறுதி செய்யும் இ-ஃபௌ-பே எண்ணைக் கையில் வாங்க வேண்டியது கார் பதிவு செய்யும்போதுதான்.

நவம்பர் 30 தாண்டிவிட்டதா?

பிரீமியத்தை ஏற்றியிருந்தால், அந்த அறிவிப்பு கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதம் சோண்டர்கியூண்டிகுங் (சிறப்பு நிறுத்தல்) உரிமை உண்டு. பில் தொகை குறைந்திருந்தாலும் ஏற்றம் ஒளிந்திருக்கலாம்: எஸ்எஃப் ஏறியதால் 40 யூரோ குறைய வேண்டியது 10 யூரோ மட்டும் குறைந்திருந்தால், அடிப்படை விலை 30 யூரோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பில்லில் ஃபெர்க்லைஷ்ஸ்பாய்ட்ராக் (ஒப்பீட்டுப் பிரீமியம்) என்ற வரியைத் தேடிப் பாருங்கள். உங்கள் விபத்தால் எஸ்எஃப் இறங்கி ஏறிய தொகைக்கு இந்த உரிமை கிடையாது. ஆனால் க்ளெய்ம் பேசி முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் நிறுத்தும் உரிமை தனியாக இருக்கிறது.

பின்சேர்க்கை: எல்லாப் பாலிசியும் டிசம்பர் 31-இல் முடிவதில்லை. ஹௌப்ட்ஃபெல்லிஷ்கைட் (புதிய பாலிசி வருடம் தொடங்கும் நாள்) என்று பாலிசியில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அது மே 1 என்றால் கடைசி நாள் மார்ச் 31.

ஜனவரியில் பழைய கம்பெனி வங்கிக் கணக்கிலிருந்து மறுபடி பணம் எடுத்திருந்தால், எட்டு வாரத்துக்குள் வங்கி ஆப்பிலேயே அதைத் திருப்பி வாங்கலாம். அதற்கு முன் நிறுத்தல் உறுதிக் கடிதம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் திருப்பினால் பாக்கி நோட்டீஸ் வரும்.