அம்மாவின் சலவை இயந்திரத்துக்கு வடிகுழாய் போட்ட விதம்

சுங்கை சிப்புட்டில் அம்மாவின் வீட்டுப் பின்கட்டில் சலவை இயந்திரத்துக்கு நானே வடிகுழாய் போட்டேன். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே காய்த்துப்போன கைகள் அவருடையவை. இப்போது விரல் மூட்டுகள் மடங்குவதில்லை. லயன் வீட்டுக் காலத்தில் பொதுக் குழாயடியில் கல்லில் அடித்துத் துவைத்தவர். இந்த வயதில் அவர் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. வெளியேறும் பக்கம்தான் பாடு.

(பின்னர் சேர்த்தது: பாகான் செராயிலிருந்து ஒரு அக்கா, "நீங்கள் சொன்னபடி குழாயை உயர்த்தினேன், தண்ணீர் தொட்டியிலேயே நின்றுவிட்டது" என்று எழுதியிருந்தார். அவருடையது பம்பு இல்லாத வகை. மேலிருந்து துணி போடும் இயந்திரங்கள் பலவற்றில் தண்ணீர் தன் எடையால்தான் இறங்கும்; அவற்றின் வடிகுழாய் தரையோடு கிடக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்த பிறகு மேலே படியுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் பம்பு உள்ள வகைக்கு.)

ஹார்ட்வேர் கடையில் 50 மி.மீ. பிவிசி குழாய், ஒரு பி டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும்படி வளைந்த குழாய்த் துண்டு), இரண்டு 45 பாகை வளைவுகள், சுவர்ப் பிடிப்பான்கள், பிவிசி பசை வாங்குங்கள். 32 மி.மீ. போதும் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். பம்பு தள்ளும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. நுரை வாய்வழியே பொங்கி வரும். திருப்பங்களில் ஒரே 90 பாகை வளைவைவிட இரண்டு 45 பாகை வளைவுகளே எனக்குப் பிடிக்கும். பஞ்சும் நூலும் தங்காமல் போய்விடும்.

இயந்திரத்தின் நெளிகுழாயைச் செருக நிமிர்ந்து நிற்கும் பிவிசி குழாயின் வாய் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பெரும்பாலான இயந்திரங்களுக்கு 60 முதல் 90 செ.மீ. வரை ஒத்துவரும். கிடையாகப் போகும் பகுதிக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு கொடுங்கள். கண்ணளவை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கிறது. ஆனால் குழாய் போய்ச் சேரும் தரைத் துளைக்கே டிராப் இருந்தால் இன்னொன்று வேண்டாம். ஒரே வழியில் இரண்டு இருந்தால் நடுவில் காற்று சிக்கித் தண்ணீர் தயங்கும்.

அறுப்பதற்கு மெல்லிய பல் உள்ள இரும்பு ரம்பம் போதும். நாளிதழ்த் தாளைக் குழாயைச் சுற்றி விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி வைத்துக் கோடு போட்டால் வெட்டு கோணாது. உள்விளிம்பில் சுருண்டு நிற்கும் பிசிறைக் கத்தியால் வழித்துவிடுங்கள். அதில்தான் முதல் நூல் மாட்டும். பசை போடுமுன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்தி, ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் பென்சில் கோடு போடுங்கள். பிறகு கழற்றி, பசை தடவிச் செருகி, கால் சுற்றுத் திருப்பி, கோடுகள் நேர்கோட்டில் சேர்ந்ததும் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பசை பிடித்த பிறகு திருத்த வழியில்லை.

நான் தவறிய இடம் இனிமேல்தான். இயந்திரத்தின் நெளிகுழாயை இரண்டு அடி ஆழத்துக்கு உள்ளே இறக்கி, வாயைச் சுற்றி நாடா ஒட்டி இறுக்கினேன். இறுக்கமாக இருந்தால் கசியாது என்று நினைத்தேன். மறுநாள் அம்மா அழைத்து, "தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, துணி மட்டும் சுற்றவே இல்லை" என்றார். போய்ப் பார்த்தபோது ஒரு பக்கம் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மறுபக்கம் குழாய்க்குள் சலசலவென்று அது இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. நெளிகுழாயின் முனை தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. வாயையும் அடைத்துவிட்டதால் காற்று புக வழியில்லை. பம்பு நின்ற பின்னும் நெளிகுழாய் நிறைந்தே நின்றது. தொட்டியில் புதுத் தண்ணீர் ஏற ஏற, அதையும் இழுத்துக் கீழே விட்டது. டீசல் தொட்டியில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுப்பார்களே, அதே வேலைதான்.

ஆகவே நெளிகுழாய் 10 முதல் 15 செ.மீ. மட்டுமே உள்ளே போகட்டும். இயந்திரத்தோடு வரும் கொக்கி வடிவப் பிளாஸ்டிக்கை மாட்டி, அது நழுவாதபடி குழாயோடு கட்டுங்கள். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். நாடா, சிலிக்கான் எதுவும் வேண்டாம்.

துணி போடாமல் ஒரு சுற்று அலச விட்டுப் பாருங்கள். ஒவ்வோர் இணைப்பின் கீழும் காய்ந்த நாளிதழை விரித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் கருவட்டமாகத் தெரிந்துவிடும். எனக்கு டிராப்பின் அடித் திருகில் ஒன்று தெரிந்தது. ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்திருந்தது, நேராக்கியதும் நின்றது.

(மீண்டும் சேர்த்தது: செம்பனைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டில் டிராப் சேறு கட்டுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். நெளிகுழாய் முனையில் வலை கட்டலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம், வலை அடைத்தால் பம்பு திணறும். வேலை உடுப்பை முதலில் வாளியில் அலசி மண்ணைக் கொட்டிவிடுங்கள். அடியில் திருகித் திறக்கும் டிராப்பாக வாங்கி, கீழே ஒரு பேசின் வைத்து மாதம் ஒருமுறை கழுவுங்கள்.)