பாரம் குறைவு, பயிற்சி கடினம்

கல்லடிக் கடற்கரையில் பந்தடித்து முழங்கால் பிசகிய மச்சானுக்குப் பாரம் தூக்கவே பயம். பிசியோதெரபிஸ்ட் அவர் தொடையின் மேற்பகுதியில் காற்றடித்து இறுக்கும் பட்டி கட்டி, மெல்லிய பாரம் கொடுத்தார்; இரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி இது. ஒரே தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 20–30 வீதம் போதுமாம். முதலில் 30 தடவை, அப்புறம் 15 படி மூன்று சுற்று, இடையில் 30 செக்கன் ஓய்வு. இரத்தம் திரும்பிப் போவது தடைப்படுவதால் தசைக்குள் கழிவுகள் தேங்கும். கனத்த பாரத்துக்கே எழும் தசை இழைகளும் சீக்கிரமே வேலைக்கு இறங்கும். தசை நன்றாகவே பருக்கும், பலம் கூட்டுவதில் மட்டும் கனத்த பாரம்தான் ஒரு படி மேல். எரிச்சல் சரி, கால் விறைத்தால் உடனே அவிழுங்கள். பிரஷர், இரத்தக்கட்டி உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம். மச்சான் வீட்டில் சைக்கிள் டியூப்பைக் கட்டப் பார்த்தார், பறித்துவிட்டேன்.