மூடுபனி மலையில் கேமரா: சென்சார் அளவையும் லென்ஸ் மவுண்ட்டையும் தேர்ந்தெடுக்கும் முறை

நீலகிரியில் படமெடுக்கக் கேமரா வாங்க எண்ணுபவர், கடைக்குப் போவதற்கு முன் தாம் படமெடுக்கப்போகும் இடத்தின் வெளிச்சத்தை அளந்து பார்த்துவிட வேண்டும். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. செல்பேசிக் கேமராவின் புரோ மோடைத் திறந்து, அங்கே பொருந்திவரும் ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) ஷட்டர் வேகத்தையும் (சென்சார் வெளிச்சம் வாங்கும் நேரம்) குறித்துக்கொண்டால் போதும். ஆடி மாதக் காலையில் தொட்டபெட்டாச் சோலையின் ஓரத்தில் நின்றால், மரங்களுக்கிடையே மூடுபனி இறங்கியிருக்க, நீலகிரிச் சிரிப்பான் சருகைக் கிளறியபடி தத்தித் தத்திப் போகும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அதன் வெண்புருவத்தை ஒளித்துவாரம் எஃப்/4 வரை திறக்கும் லென்ஸில், 1/250 விநாடியில் பிடிக்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ 6400 வரை ஏற வேண்டியிருக்கும். மாசி மாத வெயிலில் தேயிலைச் சரிவை எடுப்பதற்கோ ஐஎஸ்ஓ 100 போதும். இவ்விரண்டில் உங்கள் வேலை எதில் அதிகம் என்பதே முதல் கேள்வி.

சென்சார் என்பது வெளிச்சத்தை ஏந்தும் பரப்பு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ.; ஏபிஎஸ்-சி பெரும்பாலும் 23.5 × 15.6 மி.மீ., கேனனில் அதைவிடச் சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சியைப்போல் சுமார் 2.4 மடங்கும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப்போல் ஏறத்தாழ 4 மடங்கும் ஆகும். ஆகவே ஒரே தலைமுறையைச் சேர்ந்த சென்சார்களை ஒப்பிட்டால், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஐஎஸ்ஓ 1600-இல் தென்படும் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு), ஃபுல் ஃபிரேமில் 6400-ஐ நெருங்கும்போதுதான் தென்படும்.

இதைக் கேட்டவுடன் பெரிய சென்சாரே சிறந்தது என்று முடிவு செய்துவிட வேண்டாம். 300 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 450 மி.மீ. அளவுக்கும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 600 மி.மீ. அளவுக்கும் காட்சியைக் குறுக்கிக் காட்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் சுமார் 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி பாடியோ (லென்ஸ் நீங்கலான கேமரா) அதே லென்ஸில், அதே தொலைவிலிருந்து, அதே பறவையை 24 மெகாபிக்சலிலும் தரும். கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டுமாட்டை நெருங்கிப் போய் எடுக்கவே கூடாது என்பதால், இங்கே நீண்ட லென்ஸ் உயிர்ப் பாதுகாப்பும்கூட. கேமராவைத் தோளில் சுமந்து மேட்டில் ஏறுபவருக்கு ஏபிஎஸ்-சி போதும் என்பதே என் உறுதியான கருத்து. இரவுச் சடங்குகளையும் திருமணங்களையும் எடுப்பவருக்கு மட்டும் ஃபுல் ஃபிரேமைத் தயங்காமல் சொல்வேன்.

வீடியோவுக்கு வேறு சில சோதனைகள் உண்டு. மலை ரயிலின் குறுகிய பெட்டிக்குள் இருந்து எடுக்க, ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ. லென்ஸ் தரும் அகலம் வேண்டுமானால் ஏபிஎஸ்-சியில் 10 அல்லது 11 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 8 மி.மீ. தேவைப்படும். பல பாடிகள் 4கே-யில் விநாடிக்கு 50 அல்லது 60 ஃபிரேம் வைத்தவுடன் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதால், அந்த அகலமும் சுருங்கிவிடும். இதைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். அப்போதே கேமராவை இடவலமாக வேகமாகத் திருப்பி, கதவுச் சட்டங்கள் சாய்ந்து தெரிகின்றனவா என்றும் பாருங்கள். சென்சார் மெதுவாக வாசிக்கப்பட்டால், ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் கம்பங்களும் அவ்வாறே சாயும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 25 ஃபிரேமும் 1/50 விநாடியும் வைத்தால் படம் மினுமினுக்காது.

சென்சாரைவிட நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது, லென்ஸைப் பாடியில் பூட்டும் வளையமான மவுண்ட். பாடியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவோம். லென்ஸோ இருபது ஆண்டுகள்கூட நம்மோடு இருக்கும். மவுண்ட்டின் முகப்பிலிருந்து சென்சார் வரையுள்ள தொலைவைக் கவனியுங்கள்: 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்ட்டில் அது 46.5 மி.மீ., 1987-இல் வந்த கேனன் இஎஃப் மவுண்ட்டில் 44 மி.மீ. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் சோனி இ 18, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16, ஃபியூஜி எக்ஸ் 17.7 மி.மீ. என்று அது குறைந்துவிட்டது. எனவே பழைய இஎஃப் லென்ஸை 24 மி.மீ. தடிமனுள்ள அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் வழியாக ஆர்எஃப் பாடியில் பொருத்தலாம். ஆர்எஃப் லென்ஸைப் பழைய இஎஃப் பாடியில் பொருத்தித் தொலைவிலுள்ள மலைமுகட்டை ஃபோகஸ் செய்ய வழியே இல்லை. அடாப்டரிலும் ஒரு சிக்கல் உண்டு: லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றை இசட் பாடியில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டரில் கையால்தான் ஃபோகஸ் ஆகும்.

சோனி இ, கேனன் ஆர்எஃப், நிக்கான் இசட் ஆகிய மூன்றிலும் ஏபிஎஸ்-சி பாடியும் ஃபுல் ஃபிரேம் பாடியும் கிடைக்கின்றன. இன்று ஏபிஎஸ்-சி பாடி வாங்கினாலும், தொலைவிலுள்ளதை எடுக்கும் நீண்ட டெலி லென்ஸை மட்டும் ஃபுல் ஃபிரேமுக்கு உரியதாக வாங்கிவிட்டால், பின்னர் பாடியை மாற்றும்போது அந்தப் பணம் வீணாகாது. ஃபியூஜி எக்ஸிலும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலும் இந்த ஏணி கிடையாது; ஆனால் அவற்றுக்கென்றே செய்த சிறிய, தரமான லென்ஸ்கள் நிறைய உள்ளன. பழைய பாடி மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த மவுண்ட்டுக்குப் புதிய லென்ஸ் இன்னும் வருகிறதா என்று கேளுங்கள். 2012-இல் வந்த கேனன் இஎஃப்-எம் மவுண்ட் கைவிடப்பட்டுவிட்டது; அதற்கான லென்ஸ்களை ஆர்எஃப் பாடிக்குக் கொண்டுவரவும் முடியாது.

பழைய லென்ஸை மலையிலேயே வாங்குவதானால் இரு மூடிகளையும் கழற்றி, ஒளித்துவாரமான அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உட்கண்ணாடியைப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்கிய லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், ஈரமானியும் சிலிக்கா ஜெல்லும் உள்ள காற்றுப்புகா டப்பாவில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்து, மழைக்காலத்தில் ஜெல்லின் நிறம் மாறியவுடன் உலர்த்திப் போடுங்கள்.