சந்தைக் கீரையில் குடற்புழு முட்டை தேடுவது எப்படி?

விலங்கியல், நுண்ணுயிரியல் மாணவர்களின் புராஜெக்டுக்கு ஏற்ற வேலை இது. மைக்ராஸ்கோப்பைக் கையாளத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

கொத்தமல்லி, புதினா, சிறுகீரை மூன்றும் நல்ல மாதிரிகள். கட்டுக்கு ஒரு புதுப் பாலிதீன் கவர். கடைக்காரர் கீரைமேல் தெளிக்கும் வாளித் தண்ணீரிலும் ஒரு பாட்டில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல், முட்டை தோட்டத்திலேயே ஏறியதா, கடையில் ஏறியதா என்று பேசவே முடியாது. வேரை வெட்டித் தனி மாதிரியாக வையுங்கள். சேர்த்துக் கழுவினால் ஸ்லைடு முழுக்க மண்தான்.

1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 9 கிராம் உப்பும் 1 மி.லி. ட்வீன் 80-உம் (ஒட்டியதைக் கழற்றும் சோப்பு போன்ற ஆய்வகத் திரவம்) கரைத்து, 200 கிராம் இலையைப் போட்டு 15 நிமிடம் குலுக்குங்கள். உருண்டைப்புழு முட்டையின் மேலுறை பிசுபிசுப்பானது, வெறும் அலசலுக்கு அசையாது. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அதன் நுரைக்குமிழியை முட்டை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பிறகு டீ வடிகட்டியில் ஊற்றி, பீக்கரை மூடி வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். உருண்டைப்புழு முட்டை பெரியது, ஒரு மணி நேரத்தில் அடியில் இறங்கிவிடும். ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் குடல் ஒட்டுண்ணியின் கூடு (சிஸ்ட்) 8–12 மைக்ரான்தான். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே அதிகம். 15 செ.மீ. உயர பீக்கர் என்றால் மாலையிலிருந்து மறுநாள் காலைவரை, குறைந்தது 15 மணி நேரம் விட்டே ஆக வேண்டும். காலையில் பீக்கரைச் சாய்த்து ஊற்றாதீர்கள், வண்டல் கிளம்பிவிடும். மெல்லிய குழாயால் மேலிருந்து உறிஞ்சி, அடியில் 50 மி.லி. மிச்சம் வையுங்கள். அதை 15 மி.லி. குழாய்களில் பிரித்து, நிமிடத்துக்கு 2000 சுற்றில் 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ்.

குழாயடி வண்டலில் போடும் முதல் ஸ்லைடு அயோடின் இல்லாமல். லூகால்ஸ் அயோடின் (நிறமேற்றும் அயோடின் கரைசல்) பட்டால் லார்வா செத்துவிடும், அசைவு தெரியாது. அடுத்த ஸ்லைடில் அயோடின் ஒரு சொட்டு. 10x லென்ஸில் வரிசையாகத் தேடி, சந்தேகப்பட்டதை 40x லென்ஸில் பாருங்கள். ஒரு ஸ்லைடோடு நிறுத்தாமல் வண்டல் தீரும்வரை பார்க்க வேண்டும்.

இரு முனையிலும் அடைப்புள்ள பீப்பாய் வடிவம், சுமார் 50 மைக்ரான் நீளம்: சாட்டைப்புழு. மேடுபள்ளமான பழுப்பு ஓடு: உருண்டைப்புழு. மகரந்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்பதால் அளக்காமல் பெயர் எழுதக்கூடாது. விலை உயர்ந்த கேமராவைவிட, அளவு சரிபார்த்த ஐபீஸ் மைக்ரோமீட்டர்தான் (கண்லென்ஸில் வைக்கும் அளவுகோல்) முதலில் வாங்க வேண்டியது.

நெளிவதெல்லாம் கொக்கிப்புழு லார்வா இல்லை. மண்ணில் சும்மா வாழும் நூற்புழுக்கள் கீரையில் ஏராளம். வாயில் ஊசி போன்ற முள் தெரிந்தால் மனிதக் குடற்புழு இல்லை, பெரும்பாலும் பயிரைத் தாக்கும் நூற்புழு. மெல்லிய ஓட்டு முட்டை கிடைத்தாலும் ‘கொக்கிப்புழு போன்றது’ என்றே எழுதுங்கள்; ஆடுமாடுகளின் புழு முட்டையும் அச்சு அசல் அப்படியே இருக்கும்.

எல்லா மாதிரியிலும் ஒரே புழு வந்தால், நீங்கள் கழுவப் பயன்படுத்திய தண்ணீரைச் சந்தேகியுங்கள். கீரை போடாத உப்புக்கரைசல் ஒரு பீக்கரையும் இதே படிகளில் ஓட்டி, அதன் வண்டலையும் பார்த்தே ஆக வேண்டும்.

முடிந்ததும் பிளீச்சிங் கரைசலை நம்பாதீர்கள், உருண்டைப்புழு முட்டை அதற்குச் சாகாது. வண்டல், ஸ்லைடு, பீக்கர் எல்லாவற்றையும் 10 நிமிடம் கொதிக்க வைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.