லெப்டொப்பில் வைஃபை வராதபோது செய்யக்கூடாதவை

வைஃபை வேலை செய்யவில்லை என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்கோ கல்முனைக்கோ வருபவர்கள் பலரின் லெப்டொப்பில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. கடை வைஃபையில் போட்டவுடன் வேலை செய்யும். கோளாறு வீட்டில் இருந்திருக்கும்.

பிழை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் லெப்டொப்பில் கைவைப்பதுதான் பெரிய தவறு. லெப்டொப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து வெளியே இன்னொரு பாதை. வைஃபை என்பது முதல் பாதை மட்டும்தான். அதே வைஃபையில் போனை இணைத்துப் பாருங்கள். போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போன் ஏமாற்றிவிடும். போனிலும் வரவில்லையா? லெப்டொப்பை மூடி வையுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளியே நின்றுவிட்டது என்று அர்த்தம். மாரி மழையில் கொப்பு விழுந்து வயர் அறுந்திருந்தால் விண்டோஸில் எதைத் தட்டியும் பயனில்லை, கம்பனிக்குத்தான் போன் எடுக்க வேண்டும். படுவான்கரைப் பக்கம்போல சிம் போட்ட 4ஜி ரவுட்டர் பாவிப்பவர்கள் முதலில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்த பெக்கேஜில் பகல் பங்கு முடிந்தாலும் வைஃபை அடையாளம் முழுதாகத்தான் நிற்கும்.

அடுத்தது ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டை. அதற்குள் ஊசியை விட்டு அழுத்துவதும் ரவுட்டரை நிறுத்திப் போடுவதும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டுப் போட்டால் ஒன்றும் அழியாது, பல நேரம் அதுவே போதும். ஊசியால் அழுத்தினால் உள்ளே இருக்கும் அமைப்பெல்லாம் போய்விடும். சிம் ரவுட்டரில் பெரிய நட்டமில்லை, அடியில் ஒட்டியிருக்கும் பழைய பெயரும் பாஸ்வேர்டும் திரும்ப வரும். ஃபைபரில் கம்பனி போட்டுக் கொடுத்த இணைப்பு விபரங்களும் சேர்ந்து அழியலாம். அப்புறம் டெக்னீஷியன் வரும்வரை வீடு முழுக்க இணையம் இல்லை. சின்னப் பிரச்சினையை நாமே பெரிதாக்கும் வேலை இது.

சரி, போனில் வருகிறது, லெப்டொப்பில்தான் இல்லை என்றால்? ஷட்டவுன் பண்ணி மறுபடி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் டிரைவர்களின் (வைஃபை கார்ட் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்களின்) நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். வைஃபை அடையாளமே காணாமல் போயிருந்தால் ஏர்ப்ளேன் மோட் தவறுதலாக அழுத்துப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் லெப்டொப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கள். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் பல லெப்டொப்களில் வைஃபை கார்ட் திரும்பி வருவது இதனால்தான்.

வீடியோ பார்த்து டிவைஸ் மேனேஜரில் டிரைவரை அழிப்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: புது டிரைவரை இறக்க இணையம் வேண்டுமே! கையில் டிரைவர் இல்லாமல் அழிக்க வேண்டாம். அழித்தே விட்டீர்களானால் அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் போடுங்கள், போனின் இணையம் லெப்டொப்புக்கு வரும். டிரைவரை லெப்டொப் செய்த கம்பனியின் தளத்தில் மொடல் பெயர் கொடுத்து எடுக்க வேண்டும். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை என் கணினியில் நான் விடமாட்டேன்.

நெட்வொர்க் ரீசெட்டும் அப்படித்தான், கடைசி மருந்து. சேமித்த வைஃபை பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அது மறந்துவிடும். அதற்கு முன் அந்த ஒரு வைஃபையை மட்டும் ஃபோர்கெட் கொடுத்து மறுபடி இணைத்துப் பாருங்கள். இணைந்தும் இணையம் இல்லையென்றால் ஐபி முகவரியை, அதாவது ரவுட்டர் லெப்டொப்புக்குக் கொடுக்கும் எண்ணை, வைஃபை விபரங்களில் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை. முகவரி சரியாக இருந்து, கூகிளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போய், தளத்தின் பெயருக்குப் போகவில்லையென்றால் தளப் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்தான் சிக்கல், அதை மாற்றினால் போதும். பழைய லெப்டொப்பில் தேதியையும் பாருங்கள். கடிகாரத்தை ஓட்டும் சின்ன உள் பேட்டரி செத்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், வைஃபை நன்றாக இருந்தும் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

வேகம் குறைவு என்றதும் பெக்கேஜைப் பெரிதாக்குவது காசுக்குக் கேடு. ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள், முதலில் அதை வெளியே எடுங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது போல வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடங்களில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் மோதிக்கொள்ளும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்தால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 தான் தாங்கும். வைஃபை பெயருக்குப் பின்னால் இருக்கும் 5ஜி என்பது இந்த அலைவரிசைதான், போன் கம்பனியின் 5ஜி அல்ல. பழைய லெப்டொப்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர் கண்ணுக்கே தெரியாது. அதுவும் கோளாறல்ல, கார்டுக்கு அந்த வசதி இல்லை. வேண்டுமென்றால் இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் சின்ன யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகினால் சரி, புது லெப்டொப் தேவையில்லை.